ஒட்சியேற்றமும் மகப்பேறும்

ஹற்றன், நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தொழிற்சாலைகளில் நாள்தோறும் நிகழும் மாற்றமொன்று உடலியல் உண்மை ஒன்றை விளக்கவல்லது. வாட்டிய கொழுந்தை உருட்டுங்கால் இலையின் கலங்கள் சிதைகின்றன. அவற்றிலுள்ள பொலிபீனோல்கள் நொதியத்தின் துணையால் காற்றிலுள்ள ஒட்சிசனோடு தாக்கமுறுகின்றன. பச்சைக் கொழுந்து செந்நிறம் பெறுகின்றது. இதுவே ஒட்சியேற்றம். இஃதின்றேல் கறுப்புத் தேயிலை இல்லை; தக்க வேளையில் சூடேற்றி இதனை நிறுத்தாவிடின் நல்ல தேயிலையும் இல்லை.

பெண்ணுடலிலும் இத்தகைய அளவு பேணப்படல் வேண்டும். கலங்களிலுள்ள இழைமணிகள் உணவிலிருந்து ஆற்றலைப் பெறும்போது, தாக்குந்திறன் மிக்க ஒட்சிசன் வகைகள் சிறிதளவு தோன்றுகின்றன. சூலகத்திலிருந்து சூல் வெளிப்படுதற்கு இவையும் வேண்டப்படுகின்றன என்பதை எலிகளில் நடத்தப்பட்டு 2011 இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. ஆயினும், இவை மிகுந்து, இவற்றைத் தணிக்கும் குளுற்றாதயோன் முதலிய ஒட்சியேற்ற எதிரிகள் குறையுமாயின், சூலின் மென்சவ்வும் பரம்பரைப் பொருளும் ஊறுபடும். இந்நிலையே ஒட்சியேற்ற அழுத்தம் எனப்படும். வயது முதிர்தலும் புகைத்தலும் இதனை மிகுவிக்கும்.

தேநீரிலும் ஒட்சியேற்ற எதிரிகள் உள. அங்ஙனமாயின் தேநீர் மகப்பேற்றுக்கு மருந்தாகுமோ எனின், ஆகாது. சோதனைக் குழாயில் காணும் ஆற்றல் உடலினுள் அவ்வாறே விளங்குவதில்லை. அப்பொருள்களுட் சிறுபகுதியே குருதியிற் சேர்கின்றது. அன்றியும், உணவோடு அருந்தும் தேநீர், காய்கறி, தானியங்களிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கும். குருதிச்சோகை காணப்படும் தோட்டப் பெண்களுக்கு இது சிறிய தீங்கன்று. உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமேனும் விடுதல் நன்று.

மாத்திரைகளின் நிலை யாது? 2020 இல் வெளிவந்த கொக்ரேன் மீளாய்வு 63 பரிசோதனைகளைத் தொகுத்து நோக்கிற்று. ஒட்சியேற்ற எதிரிகள் பயன் தரக்கூடும் எனினும், அதற்குரிய சான்று வலுக் குறைந்ததே என்பது அதன் முடிபு. ஆதலின், உறுதிமொழி கூறி விற்கப்படும் மாத்திரைகளுக்காக நாட்சம்பளத்தைச் செலவிடுமுன் மருத்துவரை நாடுதல் அறிவுடைமை.

பிள்ளையில்லாக் குறையைப் பெண்மேல் மட்டும் சுமத்துதல் நம்மிடையே நெடுநாள் வழக்கம். ஒட்சியேற்ற அழுத்தம் ஆணின் விந்தையும் தாக்கும் என்பதை அறிவியல் தெளிவாக்கியுள்ளது. ஓராண்டு முயன்றும், பெண்ணுக்கு 35 வயது கடந்திருப்பின் ஆறு மாதம் முயன்றும், கரு வாய்க்காவிடின், கணவனும் மனைவியும் ஒருங்கே பரிசோதனைக்குச் செல்லல் வேண்டும். ஆராயாது ஒருத்தியை 'மலடி' என்று பழித்தல் அறிவுக்கும் பொருந்தாது, அறத்துக்கும் பொருந்தாது.