தவறிய ஒரே நாள்

1987 பிப்ரவரி 23 அன்று, அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியைச் சேர்ந்த புகைப்படக்கலைஞர் கார்ல் பேடன், கேமராவின் முன் நின்று தன் முகத்தைத் தானே படமெடுத்தார். மறுநாளும் எடுத்தார். அதற்கு மறுநாளும். ‘செல்ஃபி’ என்ற சொல்லே புழக்கத்துக்கு வராத அந்தக் காலத்தில் தொடங்கிய வேலை, முப்பது ஆண்டுகளைத் தாண்டியும் ஓடியது.

அதே கேமரா, அதே வெளிச்சம், அதே வெறும் பின்னணி. சிரிப்பும் கூடாது, முறைப்பும் கூடாது. மீசை தாடிக்கும் இடமில்லை. மற்ற எல்லாவற்றையும் அசையாமல் கட்டிப்போட்டால்தானே மாறுவது எது என்று தெரியும்! கல்யாணம், காதுகுத்து என்று பவுடர் பூசி, பட்டு உடுத்தி எடுக்கும் ஆல்பம் படங்களில் இது பிடிபடாது. அவற்றில் உடையும் விசேஷமும்தான் முன்னால் வந்து நிற்கும். பேடனுக்கோ ஒளிந்துகொள்ள இடமே இல்லை. புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற நாள்களும் அந்த வரிசையிலேயே பதிவாகியிருக்கின்றன.

அப்படிப்பட்டவரும் ஒரு நாள் மறந்துவிட்டார்: 1991 அக்டோபர் 15. அவருடைய படங்களைத் தேதிவாரியாக யாருக்கும் நினைவிருக்காது. ஆனால் அவரைப் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும், படமே இல்லாத அந்தத் தேதி வந்துவிடுகிறது.

ஆனால் இப்படி நாளுக்கொரு முறை தன்னைப் படமெடுத்தவர்களில் உலகம் பரவலாக அறிந்தது நியூயார்க் இளைஞர் நோவா கலீனாவைத்தான். 19 வயதில், 2000 ஜனவரி 11 அன்று தொடங்கினார். 2006-இல், 2,356 நாள்களின் படங்களை ஆறு நிமிடத்துக்குள் அடக்கி யூடியூபில் ஏற்றினார். பின்னால் அறைகள் மாறிக்கொண்டே இருக்க, கண்கள் மட்டும் இடம் மாறாமல் பார்க்கும். பார்த்தவர்களின் மனம் கனத்ததில் பாதிப் பங்கு பின்னணிப் பியானோவுக்கு உண்டு. ‘சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூன் தொடர் அதைக் கேலி செய்யும் அளவுக்கு வீடியோ பிரபலமானது.

நாளுக்கு ஒன்று என்பதே தைவானில் பிறந்த டேசிங் சியேவுக்குப் போதவில்லை. தொழிலாளிகள் கார்டு பஞ்ச் செய்யும் கடிகாரம் ஒன்றைத் தன் நியூயார்க் அறையில் மாட்டினார். 1980 ஏப்ரல் 11 முதல் ஓராண்டுக்கு, இரவு பகல் பாராமல் மணிக்கொரு முறை கார்டைப் பஞ்ச் செய்து, பக்கத்தில் நின்று ஃபிலிமில் ஒரு ஃப்ரேம் எடுத்தார். தொடக்கத்தில் மொட்டையடித்துக்கொண்டதால் வளரும் முடியே இன்னொரு கடிகாரமாயிற்று. மொத்தம் 8,760 மணி நேரத்தில் தவறியவை 133. அவற்றில் 94 முறை தூங்கிப்போனதால். மறைக்காமல் அந்தக் கணக்கையும் எழுதிவைத்தார். ஓராண்டு முழுவதும் சுமார் ஆறு நிமிடப் படமாக ஓடி முடிகிறது. அந்தத் தூக்கங்கள்தான் அதில் மனிதனைக் காட்டுகின்றன.

முகத்தோடு எண்களையும் சேர்த்துக்கொண்டவர் போலந்து ஓவியர் ரோமன் ஒபால்கா. 1965-இல் கேன்வாஸின் இடதுமேல் மூலையில் 1 என்று எழுதினார். அடுத்து 2, 3 என்று வாழ்நாள் முழுக்க எண்களையே வரைந்தார். 1972-க்குப் பிறகு ஒவ்வொரு புதிய கேன்வாஸின் சாம்பல் பின்னணியிலும் ஒரு சதவீதம் வெள்ளையைக் கூட்டினார். நாளின் வேலை முடிந்ததும் கேன்வாஸ் முன் வெள்ளைச் சட்டையில் நின்று, அதே முகபாவத்தோடு ஒரு படம். பயணம் போனால் எண்ணிக்கை அறுந்துவிடாமலிருக்கச் சிறு தாள்களில் மையால் தொடர்ந்தார். ஆண்டுகள் ஏற ஏறத் தலை வெளுத்தது; பின்னணியும் வெளுத்து, கடைசியில் வெள்ளைமேல் வெள்ளையாக எழுதினார். 2011 ஆகஸ்டில் அவர் இறந்தபோது எண் 5,607,249-இல் நின்றிருந்தது.