இயந்திர மனிதனைத் தேடி நூலகத்திற்கு



தாயில்பட்டியில் பட்டாசுத் தொழிலை நம்பி வாழும் குடும்பமொன்றைச் சேர்ந்த கல்லூரி மாணவர் அண்மையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். 2010ஆம் ஆண்டில் வெளிவந்த ‘எந்திரன்’, 2018இல் வெளிவந்த ‘2.0’ ஆகிய இரு திரைப்படங்களையும் அவர் பலமுறை பார்த்தவர். “சிட்டியைப் போன்ற இயந்திர மனிதர்களைப் பற்றிப் படிக்க நல்ல நாவல்கள் உண்டா?” என்றார். அதோடு நிற்கவில்லை. “மருந்து கலக்கும் அறைக்கு அப்படி ஓர் இயந்திரம் வந்தால் என் தாயார் பிழைப்பார், ஆனால் எங்கள் வீட்டு அடுப்பு எப்படி எரியும்?” என்றும் கேட்டார். முதற்கேள்விக்கு விடை சொல்வது எளிது. இரண்டாவதையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் நூல்களைப் பொறுக்கியிருக்கிறேன்.

வெற்றி பெற்ற படத்தை நாவலாக எழுதி விற்பது மேல்நாட்டில் நெடுநாள் வழக்கம். அதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. ‘ஃபென்டாஸ்டிக் வாயேஜ்’ என்ற படத்தின் கதையை ஐசக் அசிமோவ் நாவலாக எழுதினார். 1966இல் படம் திரைக்கு வருமுன்பே நூல் கடைக்கு வந்துவிட்டது. ஆகவே நாவலைத்தான் படமாக்கினார்கள் என்று பலர் நம்பினர்! தமிழில் அவ்வழக்கம் வேரூன்றவில்லை. இங்கே படத்தைப் பார்த்தவர், அதை எழுதிய கை வேறு என்ன எழுதியது என்றே தேட வேண்டும்.

அந்தக் கை சுஜாதாவினுடையது. ‘எந்திரன்’ படத்தின் எழுத்துப் பணியில் பங்கு கொண்ட அவர், படம் வெளிவருமுன் 2008இல் காலமானார். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் அவர். ஆகவே அவர் கதைகளில் இயந்திரம் மந்திரவாதியின் பெட்டியாக வருவதில்லை; அதற்கு ஒரு கணக்கு உண்டு.

முதலில் ‘என் இனிய இயந்திரா’வை எடுத்துக் கொள்ளுங்கள். ஆனந்த விகடனில் தொடராக வந்து, பின்னர்த் தொலைக்காட்சித் தொடராகவும் ஆன நாவல் இது. எழுதப்பட்ட காலத்தில் எதிர்காலமாய் இருந்து, இன்று கடந்துபோன 2021ஆம் ஆண்டில் கதை நடக்கிறது. ஜீவா என்னும் தலைவரின் ஆட்சியில் மக்களுக்கு இரண்டெழுத்துப் பெயர்களே உண்டு. குழந்தை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். கணவன் சிபியைத் தேடித் தவிக்கும் நிலாவுக்குத் துணையாவது ஜீனோ என்ற இயந்திர நாய். புத்தகம் படிக்கும், வாதாடும், எசமானர்களை விடத் தெளிவாகச் சிந்திக்கும். அடுத்த பாகமான ‘மீண்டும் ஜீனோ’வில் முதல் நூலின் விறுவிறுப்புச் சற்றுக் குறைவு என்பது என் கருத்து. எனினும் ஜீனோவோடு பழகியவர் அதைப் படிக்காமல் விடமாட்டார். இவற்றோடு ‘சொர்க்கத் தீவு’ என்னும் நாவலையும் சேர்த்துக் கொள்ளலாம். கணிப்பொறியின் ஆளுகையில், உணர்ச்சி மழுங்கிய மக்கள் வாழும் தீவு அது.

‘எந்திரன்’ படத்தில் தீ விபத்துக் காட்சியை நினைவுகூருங்கள். எரியும் கட்டடத்தினின்று சிட்டி பலரை மீட்கிறது. குளித்துக் கொண்டிருந்த பெண்ணையும் அப்படியே பலர் முன்னிலையில் தூக்கி வருகிறது. அவள் நாணம் தாளாது ஓடி, வண்டியில் அடிபட்டு மாள்கிறாள். உயிரைக் காக்கத் தெரிந்த இயந்திரத்திற்கு மானம் என்பது தெரியவில்லை. இவ்விடத்தை இன்னும் ஆழமாக ஆராய விரும்புவோர் அசிமோவின் ‘ஐ, ரோபோ’ என்ற 1950ஆம் ஆண்டுக் கதைத் தொகுப்பைத் தேட வேண்டும். மனிதனுக்குத் தீங்கு செய்யாதே. மனிதன் இட்ட கட்டளைக்குப் பணி. உன்னையும் காத்துக் கொள் என, ஒன்றுக்கொன்று படிநிலை வைத்து அவர் மூன்று விதிகளை வகுத்தார். நல்ல விதிகள்தாம். ஆனால் 1942இல் அவர் எழுதிய ஒரு கதையில், புதன் கிரகத்தில் செலினியம் எடுத்துவர அனுப்பப்பட்ட இயந்திரம் அந்தக் குட்டையைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கிறது. கட்டளையை அழுத்தமின்றிச் சொன்னார்கள். அங்கே ஆபத்தோ மிகுதி. இரண்டும் சரிநிகராய் நின்றுவிட்டதால் அதனால் முன்னேறவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. இறுதியில் ஒரு மனிதன் தன்னையே ஆபத்தில் நிறுத்தி, முதல் விதியைத் தூண்டித்தான் அதை மீட்கிறான். மருந்து அறைக்கு இயந்திரம் செய்ய விரும்பும் பொறியியல் மாணவர் இக்கதையை இருமுறை படிக்கலாம்.

அடுப்பைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். அதற்கு நாவலை விட்டு ஒரு நாடகத்திற்குப் போக வேண்டியிருக்கிறது. செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920இல் வெளியிட்ட ‘ஆர்.யூ.ஆர்.’ தான் ‘ரோபோ’ என்ற சொல்லை உலகுக்கு வழங்கியது. அச்சொல்லைச் சொல்லித் தந்தவர் அவருடைய தமையனார் யோசெஃப். கட்டாய உழைப்பு என்ற பொருள் தரும் செக் சொல்லினின்று பிறந்தது அது. இந்த ரோபோக்கள் உலோகத்தால் ஆனவை அல்ல. செயற்கைச் சதையால் ஆனவை. அவற்றைச் செய்யும் ஆலையின் தலைவர், எல்லாப் பொருளும் மலிவாகிவிடும், இனி எவரும் உழைக்க வேண்டியதில்லை என்று கனவு காண்கிறார். இடைக்காலத்தில் வேலை இழப்பவர் கதி என்ன என்று கேட்டால் அவரிடம் தக்க விடை இல்லை. முடிவில் ரோபோக்கள் கிளர்ந்தெழுந்து மனித குலத்தை அழிக்கின்றன. ஒருவரை மட்டும் விட்டுவைக்கின்றன. அவர் அல்குயிஸ்ட் என்ற கட்டடக் கலைஞர். தங்களைப் போலவே அவரும் கைகளால் வேலை செய்கிறார் என்பதே அவை சொல்லும் காரணம்.

நாடகம் சிறியது, ஆங்கில மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது, ஒரே மாலையில் படித்துவிடலாம். ஆனால் அதை முதலில் தொடாதீர்கள். ஜீனோவிடமிருந்து தொடங்குங்கள். அந்தத் தாயில்பட்டி மாணவரிடமும் அப்படியே சொல்லி அனுப்பியிருக்கிறேன். படித்துவிட்டு வந்து என்னோடு சண்டை போடுவதாகச் சொல்லிப் போனார்.