மார்பகப் புற்றுநோய்: அக்குள் முடிச்சுகள் அத்தனையையும் எடுத்தே ஆக வேண்டுமா?

வீட்டில் ஒரு பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்ததும் டாக்டரிடம் நாம் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "எதையும் மிச்சம் வைக்காம எல்லாத்தையும் எடுத்துடுங்க டாக்டர்." உம்மாவை, ராத்தாவை, மனைவியை இழந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் வரும் வார்த்தை அது. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அக்குள் விஷயத்தில், அதிகம் எடுத்தால் அதிகப் பாதுகாப்பு என்ற கணக்கு எல்லோருக்கும் பொருந்துவதில்லை. தேவையில்லாமல் எடுத்துவிட்டால், அந்தப் பெண்ணின் கை ஆயுள் முழுக்கச் சிரமப்பட நேரலாம்.

காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் 'நெறி கட்டியிருக்கு' என்போமே, அந்த நெறிதான் நிணநீர் முடிச்சு. அக்குளிலும் இப்படி ஏறத்தாழ 20 முதல் 30 முடிச்சுகள் இருக்கின்றன. மார்பகத்தின் நிணநீரில் பெரும்பகுதி இங்குதான் வடிகிறது. அதனால் மார்பகத்திலிருந்து கிளம்பும் புற்றுநோய் செல்கள் முதலில் வந்து தங்குவதும் பெரும்பாலும் இங்கேதான். கையிலிருந்து வரும் நிணநீருக்கும் இதுவே பாதை என்பதுதான் சிக்கல்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், மார்பகம், அதன் கீழுள்ள தசை, அக்குள் முடிச்சுகள் எல்லாவற்றையும் சேர்த்து அகற்றும் முறையைப் பரப்பினார். சுமார் 80 ஆண்டுகள் அதுவே வழக்கமாக இருந்தது. 1971இல் பெர்னார்ட் ஃபிஷர் தலைமையில் தொடங்கிய ஆய்வு அதைக் கேள்விக்குள்ளாக்கியது. அக்குளில் கைக்குத் தட்டுப்படும் நெறி இல்லாத பெண்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஹால்ஸ்டெட் முறை. மற்றொன்றுக்கு மார்பகத்தை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு. இன்னொன்றுக்கு மார்பகத்தை மட்டும் எடுத்து, அக்குளில் நெறி தென்பட்டால் பிறகு எடுப்பது. 25 ஆண்டுக் கண்காணிப்பின் முடிவு 2002இல் வெளியானது. மூன்று பிரிவிலும் உயிர் வாழ்ந்தோர் விகிதத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

1990களில் வந்தது 'சென்டினல் முடிச்சு' பரிசோதனை. மார்பகத்தில் நீலச் சாயமோ, லேசான கதிரியக்க மருந்தோ, இரண்டுமோ செலுத்தினால் அது முதலில் போய்ச் சேரும் ஒன்றிரண்டு முடிச்சுகள் தெரிந்துவிடும். வாசலில் நிற்கும் காவலாளி போன்றவை அவை. அவற்றை மட்டும் எடுத்துச் சோதிப்பார்கள். அங்கு நோய் இல்லையென்றால் பொதுவாக மற்றவற்றைத் தொடுவதில்லை. (மறுநாள் சிறுநீர் பச்சையாகவோ நீலமாகவோ போனால் பதறாதீர்கள். அது அந்தச் சாயம்தான்.)

அந்தக் காவல் முடிச்சிலேயே நோய் இருந்தால்? இதற்குப் பதில் தேடி 1999 முதல் 2004 வரை அமெரிக்காவில் 891 பெண்களை ஓர் ஆய்வில் சேர்த்தார்கள். எல்லோருக்கும் கட்டி 5 செ.மீ.க்கு மேற்படாதது, ஒன்று அல்லது இரண்டு காவல் முடிச்சுகளில் நோய், மார்பகத்தைக் காத்து, கட்டியை மட்டும் எடுத்து, கதிர்வீச்சும் கொடுக்கப்பட்டது. ஒரு பிரிவினருக்கு மீதி முடிச்சுகளையும் எடுத்தார்கள், மற்றப் பிரிவினருக்கு விட்டுவிட்டார்கள். 10 ஆண்டு முடிவு 2017இல் வந்தது. முடிச்சுகளை விட்டவர்களில் 86.3 சதவீதம் பேரும், எடுத்தவர்களில் 83.6 சதவீதம் பேரும் உயிருடன் இருந்தனர். அதாவது, விட்டதால் உயிருக்கு இழப்பு எதுவும் இல்லை. அக்குளிலேயே நோய் திரும்பியதும் இரு பிரிவிலும் மிகக் குறைவு. மார்பகம் முழுவதும் அகற்றப்பட்ட பெண்களையும் சேர்த்து ஸ்வீடன் உள்ளிட்ட 5 நாடுகளில் நடந்த பெரிய ஆய்வும் 2024இல் இதே பக்கம்தான் சாய்ந்தது. அதில் பெரும்பாலோருக்கு அக்குள் பகுதிக்கும் கதிர்வீச்சு தரப்பட்டது.

இதைப் படித்துவிட்டு 'எடுக்கவே வேண்டாம்' என்று டாக்டரிடம் வாதாடவும் கூடாது. நம் பெண்கள் பலர் கூச்சத்தாலும் பயத்தாலும் தாமதமாகத்தான் வருகிறார்கள். பெண் டாக்டர் கிடைக்கட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருப்பவர்களும் உண்டு. நிர்ப்பந்தமான நிலையில் மார்க்கம் சலுகை தந்திருக்க, நாம் ஏன் உயிரோடு விளையாட வேண்டும்? தாமதமாகி, அக்குளில் கட்டியாகவே தட்டுப்படும் நிலை வந்துவிட்டால் மேலே சொன்ன ஆய்வுகள் அப்படியே பொருந்தாது. முழுவதும் எடுப்பது அவசியமாகலாம். அப்போதும் சிலருக்கு முதலில் கீமோ கொடுத்து, முடிச்சுகளில் நோய் மறைந்துவிட்டால் குறைவாக எடுக்க வழி இருக்கிறது.

இவ்வளவு பேசுவதற்குக் காரணம் கைதான். முடிச்சுகள் போனால் நிணநீர் வடியாமல் கையில் தேங்கும். இதுதான் லிம்பெடீமா என்ற வீக்கம். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், முழுவதும் எடுத்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கும், காவல் முடிச்சு மட்டும் எடுத்தவர்களில் ஏறத்தாழ இருபதில் ஒருவருக்கும் இது வந்திருக்கிறது. பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் தலைகாட்டும்; பல வருடம் கழித்தும் வரலாம். வளையல் இறுகுவது, அபாயாவின் ஒரு கை மட்டும் பிடிப்பது, கை கனப்பது ஆகியவை ஆரம்ப அறிகுறிகள். அப்போதே பிசியோதெரபிக்குப் போனால் கட்டுப்படுத்தலாம், முற்றினால் கடினம். மேல்கையின் உட்புறம் மரத்துப்போவதும், தோள் இறுகுவதும் தனி. தக்பீருக்குக் கையைக் காது வரை உயர்த்த முடிகிறதா, ஸுஜூதில் கையை ஊன்ற முடிகிறதா என்று அவரே தினமும் பார்த்துக்கொள்ளலாம். சில வாரங்கள் ஆகியும் முடியவில்லையென்றால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

"இனி நீ ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது" என்று பாசத்தில் வீட்டார் கட்டிப்போடுவதும் சரியல்ல. லிம்பெடீமா உள்ள 141 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2009இல் வெளியானது. பயிற்சியாளர் மேற்பார்வையில் எடையை மெல்ல மெல்லக் கூட்டித் தூக்கியவர்களுக்கு வீக்கம் அதிகமாகவில்லை, தொல்லைகள்தான் குறைந்தன.

அந்தக் கையில் தோல் கிழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மீன் வெட்டும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் கையுறை நல்லது. பெருநாளைக்கு மருதாணி இலை அரைத்து வைக்கலாம். ரசாயனம் கலந்த கருப்பு மருதாணி மட்டும் வேண்டாம், அது தோலைப் புண்ணாக்கும். கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். அழுத்த உறை அணிபவர்கள் உளூவின்போது கழற்றிவிட்டுக் கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துத் திரும்ப மாட்டலாம். கழற்ற முடியாதபடி பல அடுக்குக் கட்டு போட்டிருந்தால், அதற்குள்ள சலுகையை ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உம்ராவுக்குப் புறப்படுகிறவர்கள் விமானத்தில் உறை போட வேண்டுமா என்பதைத் தங்கள் பிசியோதெரபிஸ்டிடம் முன்கூட்டியே கேட்பது நல்லது. அளவு சரியில்லாத உறை வீக்கத்தைக் கூட்டிவிடும்.

ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்துப் போடும் முன் டாக்டரிடம் நாம் கேட்க வேண்டியவை சில உண்டு. காவல் முடிச்சுப் பரிசோதனை இவருக்குப் பொருந்துமா? இந்த மருத்துவமனையில் அந்த வசதி இருக்கிறதா? நோய் தெரிந்தால், மீதியை எடுப்பதற்குப் பதிலாக அக்குளுக்குக் கதிர்வீச்சு கொடுக்க முடியுமா? அப்படிக் கொடுத்துப் பார்த்த ஓர் ஐரோப்பிய ஆய்வில், 5 ஆண்டுகளுக்குப் பின் கைவீக்கம் கதிர்வீச்சுப் பிரிவில் 11 சதவீதம். அறுவை சிகிச்சைப் பிரிவில் 23 சதவீதம். இந்தக் கேள்விகளைக் கேட்கும்போது சம்பந்தப்பட்ட பெண்ணும் அந்த அறையில் இருக்கட்டும். கை அவருடையது.