வீதியின் வேகமும் இளையோரும்: வன்னி நிலை குறித்து ஒரு நோக்கு

வீதி விபத்தை விதியின் செயலெனக் கூறி அமைதல் எம்மிடையே நெடுநாள் வழக்கு. எனினும், வன்னிப் பெருநிலப்பரப்பில் பதின்ம வயதினர் அதிவலு மோட்டார் சைக்கிள்களில் விரைந்து உயிரிழப்பதற்குச் சமூகக் காரணங்கள் உள.

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் எரிபொருள் அரிதாயிற்று. துவிச்சக்கரவண்டியே மக்களின் பிரதான வாகனமாயிற்று. 2009இல் போர் முடிந்தபின் ஏ9 வீதி செப்பனிடப்பட்டது. மோட்டார் சைக்கிள்கள் தவணைக் கடனில் கிடைத்தன. வீதியும் இயந்திரமும் சில ஆண்டுகளில் வந்து சேர்ந்தன. அவற்றைக் கையாளும் பழக்கம் அவ்விரைவில் உருவாகவில்லை.

வேகத்தின் இயல்பை ஈண்டு நோக்குதல் வேண்டும். மணிக்கு 40 கிலோமீற்றரிற் செல்லும் வண்டி 80இற் செல்லுமாயின், அதன் இயக்கசக்தி இரு மடங்கன்று, நான்கு மடங்காகும். பிரேக்கை அழுத்த ஒரு செக்கன் தாமதிப்பினும் வண்டி 22 மீற்றர் கடந்துவிடும். இரவில், விளக்கற்ற வீதியிற் படுத்திருக்கும் மாட்டைக் கண்டபின் நிறுத்துதல் அரிது.

18 வயது நிரம்பாதோர்க்குச் சாரதி அனுமதிப்பத்திரம் இல்லை. ஆயினும், பலவேளை சாவியைக் கொடுப்போர் பெற்றோரே. போரில் தம் இளமையை இழந்தோர் பிள்ளைக்கு எதையும் மறுக்க மனமற்றிருத்தல் விளங்கிக்கொள்ளத்தக்கது. அதன் விளைவோ கொடிது.

தண்டப்பணம் மட்டும் இதற்குத் தீர்வாகாது. மாலை வகுப்பு முடிந்து தொலைவிலுள்ள கிராமத்துக்குத் திரும்பும் மாணவனுக்குப் பேருந்து வேண்டும். பாடசாலையில் வீதி ஒழுங்குக் கல்வி வேண்டும். போரிற் பிள்ளைகளை இழந்த மண், எஞ்சியோர் பெற்ற பிள்ளைகளை வீதியில் இழத்தல் ஆகாது.