மிடற்றுக்கும் நெஞ்சுக்கும் இடையே ஒரு நரம்பு

எழுத்துக்களின் பிறப்பைக் கூறப்புகுந்த தொல்காப்பியர், உந்தியினின்று எழுங் காற்றுத் தலை, மிடறு, நெஞ்சு என்னும் மூன்றிடத்தும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றோடும் கூடி வெவ்வேறு எழுத்தோசையாய்ப் பிறக்கும் என்றார். இவ்வெட்டனுள் நெஞ்சினையும் எண்ணியது என்னையென மாணாக்கர் வினாவுவதுண்டு. மூச்சுக்கு உறைவிடம் நெஞ்சாதலின் என்று விடையிறுத்து மேற்செல்வது ஆசிரியர் வழக்கம். அவ்விடை பொருத்தமானதே. ஆயின் குரலுக்கும் நெஞ்சுக்கும் வேறுமோர் உறவு உண்டென இக்கால உடற்கூற்று நூல் காட்டுகின்றது. அதனை அறிதல் புற்றுநோயுற்றார்க்கும் அவர்தஞ் சுற்றத்தார்க்கும் பெரும்பயன் தருவதாகும்.

குரல்வளையினுள்ளே இரண்டு குரல்நாண்கள் உள. மூச்சை உள்வாங்குங்கால் அவை விலகி வழிவிடும். பேசுங்கால் நெருங்கி அதிரும். விழுங்குங்கால் இறுக மூடி, உணவும் நீரும் சுவாசப்பையுட் புகாவண்ணம் காக்கும். இம்மூன்று தொழிலையும் ஏவும் நரம்பு, மூளையினின்று இறங்கும் பத்தாம் நரம்பின் கிளையாகும். அது நேரே குரல்வளைக்குச் செல்வதன்று. இடப்பக்கத்துக் கிளை குரல்வளையைக் கடந்து நெஞ்சினுள் இறங்கி, இருதயத்தினின்று எழும் பெருநாடியின் வளைவைச் சுற்றி, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையே மேலேறி, தைரொயிட்டுச் சுரப்பியின் பின்புறமாகக் குரல்வளையை அடைகின்றது. வலப்பக்கத்துக் கிளையோ கழுத்தின் அடியில் கைக்குச் செல்லும் நாடியைச் சுற்றி விரைவில் மீள்கின்றது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த கேலன் என்னும் வைத்தியர், கதறும் பன்றியின் இந்நரம்பை அறுத்ததும் கதறல் ஒடுங்குதலைப் பலர் முன்னிலையிற் காட்டினார். மீளும் நரம்பு என்னும் பெயரும் அவர் இட்டதேயாம்.

நெடுவழி செல்வோனுக்கு இடையூறு பலவாதல் போல, இந்நரம்புக்கும் இடையூறு பல. சுவாசப்பைப் புற்றுநோயோ, நெஞ்சினுள் உள்ள நிணநீர்க் கணுக்களிற் பரவிய பிற புற்றுநோயோ, உணவுக்குழாயிலும் தைரொயிட்டுச் சுரப்பியிலும் தோன்றும் கட்டியோ இதனை நெருக்கலாம், ஊடுருவலாம். அந்நோய்களை நீக்கச் செய்யும் சத்திரசிகிச்சையிலும் நரம்பு நலிவுறலாம். அங்ஙனமாயின் குரல்நாண் அசைவற்று நின்றுவிடும். நோய் நெஞ்சிலிருக்க, அதன் அறிகுறி மிடற்றில் தோன்றும். இடக்கிளை நெஞ்சினுள் ஆழ்ந்து செல்வதால், நெஞ்சகத்து நோய்களால் இடக்குரல்நாணே பெரிதும் வாதமுறுகின்றது.

குரல் என்பது எத்துணை அருமையானது என்பதற்கு ஆறாம் ஜோர்ஜ் மன்னர் வரலாறு சான்று பகரும். அந்நாளில் இலங்கைக்கும் அவரே மன்னர். இளமை தொட்டே சொற் திக்கும் குறையுடைய அவர், 1926ஆம் ஆண்டு முதல் லயனல் லோக் என்னும் அவுஸ்திரேலியரிடம் பேச்சுப் பயிற்சி பெற்று, வானொலியில் உலகோடு பேசும் ஆற்றலை அரிதின் ஈட்டியவர். 1951 செப்டெம்பர் 23ஆம் நாள், புற்றுநோயுற்ற அவரது இடச் சுவாசப்பை அகற்றப்பட்டது. குரல்வளைக்குச் செல்லும் நரம்பையும் அறுக்க நேரிடலாம், நேரின் மன்னர் இரகசியம் பேசுவார் போலன்றிப் பேச இயலாது எனச் சத்திரவைத்தியர் பிறைஸ் தோமஸ் அஞ்சினார். பல்லாண்டு முயன்று பெற்ற குரலை, உயிரின்பொருட்டு ஒரு நாழிகையில் இழக்கும் நிலை! மன்னர் பேசும் ஆற்றலை இழந்திலர். எனினும் தளர்ந்த குரலோடு, அவ்வாண்டு நத்தார்ச் செய்தியைச் சிறிது சிறிதாக முன்னரே பதிவுசெய்யவேண்டியதாயிற்று. 1952 பெப்ரவரி 6ஆம் நாள் அவர் காலமானார்.

குரல் கம்மியவர் எல்லாரும் புற்றுநோயாளர் அல்லர். தடிமனாலும், ஓயாது உரத்துப் பேசுதலாலும் குரல் கம்மும். ஆசிரியராகிய நம்மனோர் இதனை நன்கறிவர். ஆயின் மூன்று நான்கு வாரங் கடந்தும் தெளியாத குரலைப் பனங்கற்கண்டுக்கும் திப்பிலிக்கும் விட்டுவிடலாகாது. புகைப்பழக்கம் உடையார் சிறிதும் தாமதித்தலாகாது. குரலிற் காற்றுக் கலந்தொலித்தல், பேசுகையில் மூச்சு வாங்குதல், இருமல் வலியிழத்தல், நீர் பருகுங்கால் புரையேறுதல் என்பன குரல்நாண் வாதத்தின் குறிகள். இரு நாண்களும் நடுவே அசைவற்று நிற்பின், குரல் ஓரளவு நன்றாயிருந்தும் மூச்சுவழி அடைபடும். மூச்சு வாங்குந்தோறும் ஓசை எழும். அந்நிலையில் உடனே வைத்தியசாலைக்கு ஏகுதல் வேண்டும்.

குரல்நாணின் அசைவைக் கண்ணாற் காணும் வழியைப் பரப்பியவர் மனுவேல் கார்சியா என்னும் சங்கீத ஆசிரியர். 1854ஆம் ஆண்டில் அவர் பல்வைத்தியரின் சிறு கண்ணாடியைத் தம் தொண்டையுட் செலுத்தி, சூரியவொளியில் தம் குரல்நாண்களைத் தாமே கண்டார். இன்று மூக்கின் வழியே மெல்லிய குழாய்க்கருவி ஒன்றைச் செலுத்திச் சில நிமிடத்தில் வைத்தியர் அறிந்துகொள்வர்.

அறிந்தபின் செய்தற்குரியன பல. நரம்பு அறுபடாது நலிந்ததாயின், சில திங்களில் குரல் தானே மீளவுங் கூடும். பேச்சுச் சிகிச்சையாளர், குரலை வருத்தாது பேசவும் புரையேறாது விழுங்கவும் பயிற்றுவர். அசையாத நாணினுள் மருந்தூசியாற் சிறிது பொருளை ஏற்றி அதனை நடுவே தள்ளின், அசையும் நாண் அதனைச் சென்று தொடும். குரலும் இருமலும் வலிபெறும். நிலையான பயன் வேண்டின், குரல்வளைக் குருத்தெலும்பிற் சிறு சாளரம் அமைத்து ஆப்புப் பொருத்துவர். இம்முறையை யப்பானிய வைத்தியர் இசிக்கி 1974இல் வெளியிட்டார். புற்றுநோய் முற்றிய நிலையிலும் ஊசிமுறை பெரும்பாலும் செய்யக்கூடியதே. எஞ்சிய நாட்களில் மனைவி மக்களோடு மனம்விட்டுப் பேசுதலினும் சிறந்த பேறு யாதுளது? ஆதலின் 'நோயே பெரிது, குரலைப் பின்னர்ப் பார்ப்போம்' என்று வாளாவிருத்தல் தக்கதன்று. வைத்தியரிடம் இதனையும் வாய்விட்டுக் கேட்டல் வேண்டும்.

இனி, கேட்போர்க்கும் ஒரு கடன் உண்டு. குரல் மெலிந்தாரைப் பலமுறை திரும்பக் கூறச்செய்தலும், அவர் முடிக்குமுன் சொல்லை நாமே முடித்தலும், செவிடர்க்குக் கூறுவார்போல் அவரிடம் உரத்துப் பேசுதலும் அவரை மௌனத்துள் தள்ளிவிடும். மெலிந்தது ஓசையேயன்றி அறிவன்று. வானொலியை நிறுத்தி, அருகில் அமர்ந்து, முகம் நோக்கிப் பொறுமையோடு கேட்போமாயின், மெல்லிய குரலும் தெளிவுறக் கேட்கும். ஓசை பிறக்குமிடம் எட்டென இலக்கணம் வகுத்தது. பிறந்த ஓசை சென்று சேருமிடம் கேட்போர் செவியன்றோ? அதனைத் திறந்து வைத்தல் நம் கையில் உள்ளது.