467 கிணறுகளை எண்ணியவர்கள்

சங்கம் வளர்த்த ஊர்கள் – 7

திண்டுக்கல்லில் சங்கத்துக்குப் பஞ்சமில்லை. பூட்டு, சுருட்டு, நூற்பாலை, தோல் என்று தொழிலுக்குத் தொழில் சங்கம் கண்ட ஊர் இது. சட்டமும் தொடக்கத்தில் தாராளம்தான்: 1926-ன் தொழிற்சங்கச் சட்டமானாலும் 1975-ன் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டமானாலும், ஏழு பேர் கூடினால் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம் என்றே தொடங்கின. ஆனால் அந்த ஏழு பேரும் ஒரே தொழிலில் இருப்பவர்கள். அவர்கள் தொழிலால் அடிபடுகிற பக்கத்து ஊர்க்காரருக்கு எந்தச் சங்கம் பேசும்? திண்டுக்கல்லின் தோல் ஷாப்புகள், அதாவது தோல் பதனிடும் ஆலைகள், பற்றிய கதையில் இதற்கு ஒரு பதில் கிடைக்கிறது.

தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து, மயிர் நீக்கி, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடுவது பழைய முறை. குழிக்குள் இறங்கியவரின் கையும் காலும் வெந்து புண்ணாகும். அந்தத் தொழிலாளர்கள் சங்கம் கட்டிப் போராடியதைத்தான், இந்த ஊரில் வழக்கறிஞராக இருந்த டி.செல்வராஜ் 'தோல்' என்ற நாவலாக எழுதினார். 2012-ல் அதற்கு சாகித்ய அகாடமி விருது கிடைத்தது.

அது ஷாப்பின் மதிலுக்கு உள்ளே நடந்த கதை. வெளியே நடந்தது வேறு. பட்டைக்குப் பதில் குரோமிய உப்பால் பதனிடும் குரோம் முறை பரவியபின் கழிவுநீரின் குணமே மாறிவிட்டது. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர், குரோம் முறையில் ஏறத்தாழ 170 வகை ரசாயனங்கள் என்று பிற்பாடு உச்ச நீதிமன்றமே கணக்குச் சொன்னது. அத்தனையும் ஓடையில் இறங்கி, வயலில் பரவி, கிணற்றில் ஊறியது. முதலாளிகளுக்குச் சங்கம் உண்டு; ஏற்றுமதியும் அந்நியச் செலாவணியும் அவர்கள் கவலை. தொழிலாளிக்கும் சங்கம் உண்டு. கூலியும் வேலையும் அவர் கவலை. சம்சாரியின் கிணற்றுக்காக வாதாடுவது இரண்டின் வேலையிலும் இல்லை.

அந்த வேலையை எடுத்துக்கொண்டது ஒரு தன்னார்வ அமைப்பு. 'பீஸ் மெம்பர்ஸ்' என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அதைக் குறிப்பிடுகிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களில் அவர்கள் கணக்கெடுத்தார்கள். குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. "தண்ணி வாயில வைக்க முடியலை" என்று ஊரார் அலுவலகம் அலுவலகமாகச் சொன்னால் அது ஒரு மனுவோடு முடியும். எத்தனைக்கு எத்தனை என்று எழுதி வைத்ததால்தான் அது டெல்லி வரை போனது.

தன்னார்வ அமைப்பை யாரும் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. எனவே அதன் சொல்லையும் சோதிக்கத்தான் வேண்டும். டெல்லிக்கு அந்தக் கணக்கு மட்டும் போகவில்லை. மாநிலச் சட்ட உதவி வாரியம் கேட்டுக்கொண்டபடி இரண்டு வழக்கறிஞர்கள் நேரில் போய்ப் பார்த்து அறிக்கை தந்தார்கள்.

இவை இடம்பெற்றது, தோல் கழிவுநீரை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் 1991-ல் தொடுத்த பொதுநல வழக்கில். அதில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும், நிலத்தைச் சீராக்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றார் நீதிபதி குல்தீப் சிங். வேலூர், ஈரோடு, திண்டுக்கல், திருச்சி, செங்கல்பட்டு வட்டாரங்களின் தோல் ஷாப்புகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேரவேண்டும், இல்லையென்றால் சொந்தமாக அமைக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் மூட வேண்டும்.

பொதுச் சுத்திகரிப்பு என்பது தனி ஆளால் ஆகிற காரியமில்லை. பத்துக் குழி வைத்திருக்கிற சின்ன ஷாப்புக்காரர் கோடிக்கணக்கில் எங்கே போவார்? பங்கு பிரித்து, குழாய் பதித்து, மாதாமாதம் வசூலித்து ஓட்டுவதற்குத் தொழில்காரர்களின் கூட்டமைப்பு வேண்டியிருந்தது. அதைத் தன்னார்வலரால் செய்ய முடியாது. கிணறுகளை எண்ணத் தொழில் சங்கம் புறப்படாது. ஒன்று இல்லாவிட்டால் மற்றது பாதியில் நின்றிருக்கும்.

எந்தச் சங்கமும் ஆண்டுப் பொதுக்குழுவில் வரவு செலவு வாசிக்கிறது. நம் தொழிலால் வெளியே யாருக்கு என்ன ஆனது என்பதையும் அதே கூட்டத்தில், அந்த ஊர்க்காரர்களை உட்கார வைத்து வாசிக்கலாம். அப்படிச் செய்கிற சங்கத்துக்கு நீதிமன்றம் கட்டளையிட வேண்டிய அவசியம் வராது.

(அடுத்த வாரம்: பூட்டுத் தொழிலாளர்களின் கூட்டுறவு)