வாளி குடிக்கும் மின்சாரம்

அரூர்ப் பக்கத்து மார்கழிக் குளிருக்கு வெந்நீர் இல்லாமல் ஆகாது. முன்பு விறகடுப்பில் தவலை. இப்போது பல வீடுகளில் பிளாஸ்டிக் வாளியும் ஹீட்டர் கம்பியும்! சுவிட்சைத் தட்டினால் காரியம் முடிந்தது. ஆனால், சகோதரிகளே, அந்த வாளி எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று எப்போதாவது கணக்குப் பார்த்ததுண்டா?

மின்சாரம் வேறு உருவம் எடுத்தால்தான் நமக்குப் பயன். மேட்டூரில் 1937 முதல் காவிரித் தண்ணீர் சக்கரத்தைச் சுழற்ற, அந்தச் சுழற்சி மின்சாரமாகியது. இன்று நீர், அனல், காற்று, சூரியன் எல்லாம் தரும் மின்சாரம் ஒரே கம்பி வலையில் கலந்துதான் அரூருக்கும் வருகிறது. வந்த இடத்தில் கிரைண்டரில் மறுபடியும் சுழற்சி, விளக்கில் வெளிச்சம், இஸ்திரிப் பெட்டியில் உஷ்ணம்.

இவற்றில் பெருந்தீனிக்காரன் உஷ்ணம்தான். ஆயிரம் வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 150 வாட் கிரைண்டர் அரை மணி நேரம் மாவரைக்க ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். 75 வாட் மின்விசிறி ஒரு யூனிட்டில் 13 மணி நேரம் சுற்றும். 9 வாட் எல்.இ.டி. விளக்கோ நூறு மணி நேரத்துக்கு மேல் எரியும். பழைய 60 வாட் குண்டு பல்பு 17 மணி நேரத்தில் அதைத் தீர்த்துவிடும். அதன் மின்சாரத்தில் பெரும்பகுதி வெளிச்சமாகாமல் சூடாகப் போவதுதான் காரணம்.

இனி வாளிக்கு வருவோம். 20 லிட்டர் தண்ணீரை 22 டிகிரியிலிருந்து 62 டிகிரிக்குக் காய்ச்ச 0.93 யூனிட் வேண்டும். பச்சைத் தண்ணீர் கலந்தால் இரண்டு பேர் குளிக்கலாம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு வாளி. அறுபது நாளில் 110 யூனிட்டுக்கு மேல்! 2016-இல் அரசாங்கம் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாக அறிவித்ததே 100 யூனிட்தான். அத்தனையும் குளியலறையிலேயே போய்விடும்.

ஹீட்டர் வீணாக்குகிறது என்று நினைக்காதீர்கள். வாங்கிய மின்சாரத்தை அநேகமாக முழுவதும் உஷ்ணமாக்கித் தண்ணீருக்கே கொடுத்துவிடுகிறது. தண்ணீரைச் சூடாக்குவதே பெரிய வேலை! மிக்ஸியில் அரைத்த மாவு சூடாவதும் இந்த உருவ மாற்றத்தால்தான். வேகமான உராய்வு உஷ்ணமாகிறது. குளிர்ந்த நீர் தெளித்து அரைக்கும் பாட்டிமார்களுக்கு இது தெரிந்த சங்கதி.

மாடியில் வெயில் விழும் வீடென்றால் சூரிய வெந்நீர்க் கலம் நல்லது. அதுவரை, வாளித் தண்ணீர் சுட்டதா என்று பார்க்க விரலை விடுமுன், சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள்.